உருண்டாயி ஏறிப் பார்த்த வீதி

அந்தக் காலத்தில், வானம் இன்னும் கூப்பிடு தூரத்தில் இருந்தபோது, மாடும் வண்டும் விண்மீனும் கோளும் ஒரே பேச்சைத்தான் பேசின. இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும். அங்கே யாராவது சிரித்தால் இங்கே கேட்கும். அதற்குப் பிறகு வானம் விலகிப் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். வானம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, நாம்தான் காதைத் தொலைத்துவிட்டோம் என்பது என் கட்சி.

இது சாணி வண்டின் கதை. சாணியை உருண்டை பிடித்து, தலைகீழாக நின்றுகொண்டு, பின்னங்காலால் தள்ளிக்கொண்டே பின்பக்கமாகப் போகிறதே, அதே வண்டுதான். மூக்கைச் சுளிக்கிறவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள். கதை முடியும்போது அந்த மூக்கை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன்.

மேற்கே ஒரு கரடு இருந்தது. மலை என்று சொல்ல முடியாத சின்ன மலை அது. கிழக்கே ஓர் ஊருணி. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய புன்செய் நிலம். அந்த நிலத்தில் கோடையில் கிடை போட்டிருந்தார்கள். மாடுகளை ஊர் ஊராக ஓட்டி வந்து, இராத்திரியில் ஒரு நிலத்தில் மடக்கிப் படுக்கவைப்பதுதான் கிடை. மாடு போடுகிற சாணி நிலத்துக்கு உரம். நிலத்துக்குப் போதும் என்றானதும் கிடையைக் கிளப்பி வேறு ஊருக்கு ஓட்டிப் போவார்கள். கிளப்பிய கையோடு அந்த நிலத்தில் ஏர் பூட்டிவிடுவார்கள்.

கிடை இருக்கும் வரைக்கும் சாணி வண்டுகளுக்குத் திருவிழாதான். ஆனால் எல்லாத் திருவிழாவிலும் ஒரு நாட்டாமை இருப்பார் அல்லவா? இங்கேயும் இருந்தார். பெயர் கொம்பையா. தலையில் வளைந்த ஒற்றைக் கொம்பு. பிறந்ததிலிருந்து ஓர் உருண்டையும் அவர் பிடித்ததில்லை. சாணிக் குவியலின் ஓரத்தில் தன் ஆட்களோடு உட்கார்ந்திருப்பார். யாராவது உழைத்து உருண்டை பிடித்துக் கொண்டுபோனால் கொம்பால் ஒரு முட்டு முட்டித் தட்டிவிட்டு, அதைத் தன்னுடையது என்பார். எதிர்த்துப் பேசினால், "நீ எந்தத் தெருக்காரி? கொம்பில்லாத தெருவுல பொறந்துட்டு எங்கிட்டயே பேசுறியா?" என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்.

வண்டுகளுக்குள் ஒரு கட்டுப்பாடும் உண்டு. உருண்டையைத் தள்ளலாம், பிடிக்கலாம், அணைக்கலாம். அதன்மேல் ஏறி நிற்கக் கூடாது. ஏனென்றால் அது வெறும் சாணியில்லை. அதற்குள்தான் தாய் முட்டையை வைப்பாள். உள்ளே பொரிந்து வரும் பிள்ளை அந்த உருண்டையைத் தின்றுதான் வளரும். அது பிள்ளையின் சோறு. சோற்றை யாராவது மிதிப்பார்களா? மிதித்தவர்களை ஒதுக்கிவைப்பார்கள். மிதிபட்ட உருண்டையை நாட்டாமையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நாட்டாமை அதைத் தின்று தீட்டுக் கழிப்பார். சட்டம் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் உருண்டாயி இருந்தாள். கொம்பில்லாத தெருக்காரி. அவளும் அவள் புருசன் சோலையும் எல்லோரையும் போலப் பகலில்தான் உருண்டை தள்ளினார்கள். பகலில் சூரியன் இருக்கிறது. அதை முகத்தின் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு தள்ளினால் வழி பிசகாது. ஆனால் பகலில் மாட்டோடு மாடாக மைனாவும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நாள் சோலை தலையைக் குனிந்து உருண்டை தள்ளிக்கொண்டிருந்தபோது மைனா வந்தது. அவ்வளவுதான். உருண்டாயி திரும்பிப் பார்க்கையில் உருண்டை மட்டும் தனியாக உருண்டுகொண்டிருந்தது.

அப்போது அவள் வயிற்றில் ஒரு முட்டை இருந்தது. அதுதான் அவளுக்கு மிச்சம்.

"இனி நான் பகல்ல தள்ள மாட்டேன். ராத்திரியிலதான் தள்ளுவேன்" என்றாள்.

குவியலே சிரித்தது. இருட்டில் எந்த வண்டு நேராகப் போயிருக்கிறது? தலையைக் கீழே போட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போகிற பிறவி. வெளிச்சம் இல்லையென்றால் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். புறப்பட்ட இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்? கொம்பையா உட்கார்ந்திருப்பார்.

ஒரே ஒருத்தி சிரிக்கவில்லை. அது சாம்பல் நிற மயிலைப் பசு. கிடையின் ஓரத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டே, "ஏத்தா, வழி வேணும்னா மேல இருக்கவங்கள்ல ஒருத்தரக் கேளு. நான் ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கேன். அம்புட்டுப் பேரும் சும்மாதான் நிக்கிறாக" என்றது.

அந்தி இருட்டத் தொடங்கியிருந்தது. மேற்கே கரட்டுக்கு மேலே வெள்ளி பளபளவென்று நின்றது. மற்ற யாரும் கண் திறக்கும் முன்னே வந்து நிற்கிறவர் அவர். அந்த வெளிச்சத்துக்கு அவருக்குக் கர்வம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"வெள்ளி ஐயா! கரட்டடியில மண்ணு மெத்துனு இருக்கு. அங்க ஏர் போகாது. அங்கதான் குழி தோண்டப் போறேன். எனக்கு அங்க போக வழி காட்டுவீகளா?"

"என்னைவிடப் பிரகாசமா இந்த வானத்துல யாரையாச்சும் பாத்திருக்கியா?" என்று கேட்டார் வெள்ளி.

"இல்லீகளே."

"அப்ப என்னைப் பாத்து வா. நேரே குழிக்கு வந்துருவ."

உருண்டாயி நம்பினாள். அந்தி சாயும்போதெல்லாம் வெள்ளியைப் பார்த்துக்கொண்டே கரட்டடிக்குப் போவாள். இராத்திரி முழுக்கத் தோண்டுவாள். கோடை மண் அல்லவா, மேலே மெத்தென்று இருந்தது உள்ளே இறுகிக் கிடந்தது. நிலா தேய்ந்து, மறைந்து, மறுபடி வளர்ந்துவிட்டது. ஒருவழியாகக் குழி முடிந்தது. உருண்டை பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நாள்களில் வெள்ளி அந்திக்கு அந்தி கீழே இறங்கிக்கொண்டே வந்தார். ஒரு நாள் ஆளையே காணோம். மறுநாளும் காணோம். உருண்டாயி உருண்டையைப் பிடித்துவைத்துக்கொண்டு மயிலையின் கால் மறைவில் காத்திருந்தாள். அப்படிக் காத்திருந்து கண்ணயர்ந்தவள், விடியப் போகிற நேரத்தில் திடுக்கிட்டு விழித்தால், எதிரே வெள்ளி! முன்னைவிடப் பளபளப்பு!

"வந்துட்டீகளா ஐயா!" என்று அவள் ஒரே மூச்சாகத் தள்ளினாள். வெள்ளி இருந்த திசைக்குத் தள்ளினாள். சந்தோஷத்தில் வேறு எதையும் பார்க்கவில்லை. ஆனால் வெள்ளி அன்றைக்கு முளைத்தது கிழக்கே. குழி இருந்தது மேற்கே. ஊருணிக் கரையில் ஏறி, மறுபக்கம் சறுக்கி, உருண்டை தண்ணீரில் விழுந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் கண்முன்னாலேயே அது கரைந்து போயிற்று.

"ஐயா, மேக்க நின்னவுக கெழக்க வந்து நிக்கிறீகளே, இது நியாயமா?" என்று கரையில் நின்று கத்தினாள்.

வெள்ளிக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. "இந்தா பாரு, வழி காட்டுறேன்னு சொன்னேன். ஒரே எடத்துல நிக்கிறேன்னு எப்பச் சொன்னேன்? நான் சூரியனச் சுத்துறவன். கொஞ்ச நாள் அவருக்கு இந்தப் பக்கம், அப்ப அந்தியில தெரிவேன். கொஞ்ச நாள் அந்தப் பக்கம், அப்ப விடியல்ல தெரிவேன். நான் மட்டுமா சுத்துறேன்? புதன், செவ்வாய், வியாழன், சனி எல்லாரும் சுத்துறோம். நீ நிக்கிற பூமியும் சுத்துது. நாங்க எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைக. அந்த வீட்டுக்கு வெளக்கு ஒண்ணே ஒண்ணுதான், சூரியன்."

"அப்ப உங்களுக்குன்னு வெளிச்சம்?"

"அவரு வெளிச்சம் எம்மேல பட்டுத் தெரியுது" என்றார் வெள்ளி, மெதுவாக.

"இரவல் நகையப் போட்டுக்கிட்டா இம்புட்டு மினுக்கு மினுக்குனீக!" என்றாள் உருண்டாயி. வயிற்றெரிச்சலில் சொன்னாள். ஆனாலும் சொன்னது சரிதான்.

அழுதுகொண்டே திரும்பி வந்தவளை மயிலை மூக்கால் தடவிக் கொடுத்தது. "அழுவாத. நான் பாத்ததச் சொல்றேன். சிமிட்டாம ஒரே முறையா முறைக்கிறாக பாரு, அவுகதான் ஊர் சுத்திக. கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருக்கவுக அவுகவுக கூட்டத்த விட்டு நகர மாட்டாக. நீ சிமிட்டுறவங்கள்ல ஒருத்தரக் கேளு."

சிமிட்டுகிறவர்களில் சித்திரை என்ற விண்மீன் வெள்ளை வெளேரென்று நின்றது. உருண்டாயி அதைக் கேட்டாள். சித்திரையிடம் வெள்ளியின் மிடுக்கு இல்லை. "நானும் ஒரு சூரியன்தான் தாயி. தூரத்து வீட்டு வெளக்கு. சொந்த வெளிச்சம். தூரம் கூடிப் போனதால புள்ளியாத் தெரியிறேன். நான் உனக்குத் துணைக்கு வாரேன். ஆனா உன் கண்ணுக்கு நான் அடங்குவேனான்னு பாத்துக்கோ" என்றது.

அடங்கவில்லை. சாணி வண்டுக்குக் கண் மட்டு. அண்ணாந்து பார்க்கும்போது சித்திரை தெரியும். தலையைக் கீழே போட்டு நாலு தள்ளுத் தள்ளிவிட்டு மறுபடி பார்த்தால், எத்தனையோ புள்ளிகளில் எது சித்திரை? ஒன்று போலவே இன்னொன்று. வடக்கே அசையாமல் நிற்கிற வடமீனையும் கேட்டுப் பார்த்தாள். நம் பக்கத்தில் அது தரையை ஒட்டித்தான் நிற்கும். ஆள் கண்ணுக்கே அது தாழத் தெரிகிறது என்றால் வண்டுக்கு எப்படித் தெரியும்? நடுவில் ஒரு வரப்பு இருந்தால் போதும், வடமீன் மறைந்துவிடும். நிலாவோ நாளுக்கு நாள் தேய்ந்து, நேரம் பிந்திப் பிந்தி வந்தது; அதையும் நம்ப முடியவில்லை. அவள் இரண்டு உருண்டை தள்ளினாள். இரண்டும் வட்டமடித்துக் குவியலுக்கே வந்து சேர்ந்தன. இரண்டையும் கொம்பையா தின்றார்.

"உருண்டாயி, நீ எங்க போனாலும் கடைசியில எங்கிட்டதான் வருவ" என்று ஏப்பம் விட்டார்.

இப்படியே அமாவாசை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் மாட்டுக்காரர்கள் பேசிக்கொண்டதை மயிலை கேட்டுவந்து சொன்னது. விடிந்ததும் கிடை கிளம்புகிறது. ஆற்றுக்கு அக்கரையில் வேறு ஊர். இங்கே காலையிலேயே ஏர் பூட்டுகிறார்கள். அடுத்த கிடை இனி அடுத்த கோடைக்குத்தான்.

உருண்டாயிக்கு வயிறு கனத்தது. முட்டை இனியும் பொறுக்காது. இன்று இராத்திரி உருண்டை கரட்டடிக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் சோலைக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை.

"எங்கிட்ட எடுத்துக்கோ. இன்னைக்கு நல்ல பச்சப் புல்லாத் தின்னேன்" என்றது மயிலை. கடைசியாக அது கொடுத்ததில் உருண்டாயி ஓர் உருண்டை பிடித்தாள். அந்த மாதிரி உருண்டை அந்தக் கோடையில் யாரும் பிடித்ததில்லை. ஒரு மேடு பள்ளம் இல்லை. அவளைவிட இரண்டு மடங்கு உயரம்.

நிலா இல்லாத வானத்தின் கீழே தள்ளத் தொடங்கினாள். தள்ளினாள், தள்ளினாள், மூச்சு முட்டத் தள்ளினாள். உருண்டை எதிலோ இடித்தது. திரும்பிப் பார்த்தால் கொம்பு.

"வா வா" என்றார் கொம்பையா. அவருடைய ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொம்பையாவுக்கு அன்று குஷி. "இப்பவே எடுத்துக்கிட்டா என்ன சுவாரசியம் இருக்கு? போ, இன்னொரு சுத்து சுத்திட்டு வா. உருண்டை இன்னும் கொஞ்சம் உருளட்டும். அடுத்த தடவ வரும்போது அது என்னுது."

உருண்டாயி மறுபடி தள்ளினாள். குவியலின் சிரிப்புச் சத்தம் காதில் விழுகிற தூரத்திலேயே நின்றுவிட்டாள். இப்படியே தள்ளினால் திரும்ப அங்கேதான் போய்ச் சேர்வோம் என்று அவளுக்குத் தெரியும். தலையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகுப் பக்கம் உருண்டை வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் மாட்டுக் குளம்பு பட்டு எழும்பிய மண்கட்டிகள். தரையில் நிற்கிற ஒரு வண்டுக்கு வானம் எவ்வளவு தெரியும்? ஒரு கீற்றுத் தெரியும்.

வானம் முழுக்கப் பார்க்க வேண்டுமென்றால் ஏற வேண்டும். ஏறுவதற்கு அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் அது பிள்ளையின் சோறு. அதன்மேல் கால் வைத்தால் ஊரில் இருக்க முடியாது. வைக்காவிட்டால் பிள்ளையே கிடையாது. "சாமி, எம்பிள்ளைக்காகத்தான் மிதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உருண்டாயி ஏறினாள்.

"ஆத்தே! மிதிக்கிறாடா! சோத்த மிதிக்கிறாடா!" என்று குவியலிலிருந்து ஒரு குரல் அலறியது. சிரிப்பு சட்டென்று நின்றது.

அவளுக்கு அது கேட்கவே இல்லை. உருண்டையின் உச்சியில் நின்றபடி அவள் வானத்தைப் பார்த்தாள். அவளுடைய மட்டான கண்ணுக்குப் புள்ளிகள் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் கிழக்கு வானத்தில், தெற்கிலிருந்து வடக்கு வரைக்கும், பால் சிந்தின மாதிரி வெளிச்சமாக ஒரு பட்டை கிடந்தது. தலை எங்கே, வால் எங்கே என்று பார்க்க அவள் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். அத்தனை பெரியதை, அத்தனை நாளும், அவள் பார்த்ததே இல்லை.

"யாரு நீங்க?" என்று கேட்டாள்.

பதில் ஒரு குரலில் வரவில்லை. சந்தையில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவது போல ஆயிரமாயிரம் குரலில் வந்தது. "எங்கள யாரும் இப்பிடிக் கேட்டதில்ல தாயி. வெள்ளியப் பேர் சொல்லிக் கூப்பிடுறாக. சித்திரையப் பேர் சொல்லிக் கூப்பிடுறாக. எங்கள்ல ஒருத்தருக்கும் பேரு கெடையாது. நாங்க ஒவ்வொருத்தரும் ஒரு சூரியன்தான். ஆனா ரொம்பத் தூரம், தனித்தனியாப் பாத்தா எவன் கண்ணுக்கும் தெரிய மாட்டோம். எல்லாரும் சேந்து நின்னாத்தான் இந்த வெளிச்சம். இதுக்குப் பால்வீதின்னு பேரு."

"நீங்க நகந்து போயிர மாட்டீகளே?"

"எல்லாரும் நகருவோம். வானமே நகருதே, நாங்க எப்பிடி நிக்க? ஆனா இம்புட்டுப் பேரும் சேந்து ஒரு பக்கமா நகருறதுக்குள்ள நீ பத்து உருண்டை தள்ளிருவ. ஒரு மேகம் வந்து கொஞ்சப் பேர மறைச்சா மிச்சப் பேரு இருப்போம். நீ தலையக் குனிஞ்சு நிமிந்தாலும் எங்கள வேற யாருன்னு நெனைக்க முடியாது."

"கரட்டடிக்கு எப்பிடிப் போக?"

அந்தக் குரல்கள் சிரித்தன. பிரியமான சிரிப்பு. "நீ குழி தோண்டுனப்பல்லாம் கரட்டப் பாத்து நின்னு தோண்டுன. உன் முதுகு எங்க பக்கம் இருந்துச்சு. ராத்திரிக்கு ராத்திரி உன் முதுகுல விழுந்தது எங்க வெளிச்சந்தான். நீ பாக்கல, நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். இப்ப எங்களப் பாத்துக்கிட்டே பின்னால தள்ளு. கரட்டடிக்குப் போயிருவ."

உருண்டாயி அத்தனை நாளும் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தாள் பாவம்.

"உங்க தெரு ரொம்பப் பெருசா இருக்கு சாமி" என்றாள். "நான் கொம்பில்லாத தெருவுல பொறந்தவ. உங்க தெருவப் பாத்து நடக்க எனக்கு உரிமை உண்டா?"

குரல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலாகப் பேசின.

"என்ன தாயி இப்பிடிக் கேட்டுட்ட? இது உன் தெருதான். உன் சூரியனும் இதுல ஒரு வீட்டு வெளக்கு. வெள்ளி, செவ்வாய், உன் பூமி எல்லாம் அந்த வீட்டுக்குள்ள. நீ தெருவுக்குள்ள நின்னுக்கிட்டு தெருவப் பாக்குற. அதான் உனக்குப் பட்டையாத் தெரியுது. இதுக்கு அப்பாலயும் ஊருக இருக்கு, எண்ண முடியாத ஊருக. அங்கயும் இதே மாதிரி வீதிக. ஆனா இது உன் வீதி. யாராச்சும் கேட்டா நெஞ்ச நிமித்திச் சொல்லு."

உருண்டாயி நெஞ்சை நிமிர்த்தினாள். வண்டுக்கு நெஞ்சு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அன்று இருந்தது.

பிறகு உருண்டையிலிருந்து இறங்கினாள். மிதித்த இடத்தை முன்னங்காலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கால் பட்டுவிட்டது, மன்னித்துக்கொள் என்று பிறக்காத பிள்ளையிடம் கேட்டுக்கொண்டாள். தலையைக் கீழே வைத்து, பால்வீதியை முகத்துக்கு நேரே குறுக்காக வைத்துக்கொண்டு, பின்னங்காலால் தள்ளினாள்.

"பிடிங்கடா அவள!" என்று கொம்பையா கத்தினார். "சோத்த மிதிச்சவ! உருண்டை நமக்குச் சேர வேண்டியது!"

ஆட்கள் அவளைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். கொம்பையாவும் ஓடினார். அவர்களுக்கு முன்னால் போகிற அவளுடைய காலடிச் சத்தம்தான் வழி. அவர்கள் போட்ட கூச்சலில் அந்தச் சத்தம் அமுங்கியதும் வழி போயிற்று. எவனும் அண்ணாந்து பார்க்கவில்லை. இருட்டில் வேகமாக ஓடி, வளைந்து, மூச்சு வாங்க ஓர் இடத்தில் வந்து நின்றார்கள். பார்த்தால் அவர்களுடைய அதே சாணிக் குவியல்! மயிலை அசைபோடுவதை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தது. பக்கத்தில் படுத்திருந்த மாடுகள் எல்லாம் எழுந்து நின்று என்னவென்று கேட்டன.

உருண்டாயி ஒரு வளைவு கூட வளையவில்லை. வழியில் வரப்பு வந்தது, ஏறித் தள்ளினாள். பள்ளம் வந்தது, உருண்டையோடு சேர்ந்து விழுந்தாள். விழுந்ததும் திசை தெரியாமல் போயிற்று. இப்போது அவளுக்குப் பயமில்லை. மறுபடி மேலே ஏறினாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், தன் தெரு எங்கே என்று பார்த்தாள், இறங்கினாள், தொட்டுக் கண்ணில் ஒற்றினாள், தள்ளினாள். உருண்டை மெத்தென்ற மண்ணில் இறங்கியது. குழி!

விடிந்ததும் கிடை கிளம்பியது. ஏர்கள் வந்தன. புன்செய் முழுக்க ஏர்க்கொழு கிழித்துக்கொண்டு போயிற்று. கரட்டடியில் மண்ணுக்குள்ளே, யாருக்கும் தெரியாத இருட்டில், ஓர் உருண்டைக்குள் ஒரு முட்டை பத்திரமாக இருந்தது. அதன்மேல் மண்ணை மூடிவிட்டு உருண்டாயி வெளியே வந்து, ஒரு கல்லடியில் படுத்து, அந்தக் கோடையில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினாள்.

ஊரார் அவளை ஒதுக்கிவைத்தார்கள். கொம்பையா கூட்டம் கூட்டித் தீர்ப்புச் சொன்னார். "மிதிச்சேன். இல்லைன்னு சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கரட்டடிக்கே குடி போய்விட்டாள்.

மழை பெய்தது, வெயில் அடித்தது, மறுபடி கோடை வந்தது. கிடையும் வந்தது. மயிலை இளைத்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது. முதல் நாள் இராத்திரியே கரட்டடியிலிருந்து ஓர் இளம் வண்டு கருகருவென்று பளபளக்க வந்து, நேரே குவியலுக்குள் இறங்கி உருண்டை பிடித்தாள். பிடித்த கையோடு, எல்லோர் கண்முன்னாலும், அதன்மேல் ஏறி நின்றாள்.

குவியல் வாயைப் பிளந்தது. கொம்பையா கொம்பைச் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"யாருடி நீ? சோத்த மிதிச்சுக்கிட்டு நிக்கிற?"

"உருண்டாயி மக."

"ஓ, அவ மகளா! அதான். ஏண்டி, நீ எந்தத் தெருக்காரி, என்ன தைரியத்துல எம்முன்னால ஏறி நிக்கிற?"

அவள் அவசரப்படவில்லை. உருண்டையின் மேலே நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு ஒரு முன்னங்காலைத் தூக்கிக் கிழக்கு வானத்தைக் காட்டினாள்.

"அந்தத் தெரு."

கொம்பையா அண்ணாந்து பார்த்தார். பிறந்ததிலிருந்து குனிந்தே தின்றவர், அன்றுதான் தலையைத் தூக்கினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கொம்பு தானாகத் தாழ்ந்தது.

"எம்புட்டுப் பெரிய தெரு" என்றார் கடைசியில்.

"ஆமா. நீங்களும் அந்தத் தெருதான். ஒரு உருண்டை பிடிச்சு ஏறிப் பாருங்க, நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். மிதித்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நூல் பிடித்தது போல நேராகத் தள்ளிக்கொண்டு போனாள். தூரத்தில் கரட்டடிக் கல் ஒன்றின்மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த உருண்டாயிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கே தாங்கவில்லை.

அந்த இராத்திரியிலிருந்துதான் சாணி வண்டு தன் உருண்டையின்மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்க்கிறது. இறங்கியதும் முன்னங்காலால் முகத்தைத் தொட்டுக்கொள்கிறது. பிறகு பால்வீதியைப் பார்த்தபடி நேராகத் தள்ளிக்கொண்டு போகிறது. எந்தத் தெரு என்று அதைப் பார்த்து அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை.